ட்ரை போடாதவன் ஃபார்முக்கு வர்றத எப்படி கண்டுபுடிக்கிறது? ரக்பி லீக் பாக்குறவங்களுக்கு நம்ம கபடி கண்ணு வழியா ஒரு வழி

எங்க வேலூர பத்தி ஒரு நக்கல் ரொம்ப நாளா ஓடிகினு இருக்கு. ஆறு இருக்கு தண்ணி இல்ல, மலை இருக்கு மரம் இல்ல, கோட்டை இருக்கு ராஜா இல்லன்னு. ரக்பி லீக்ல சில பிளேயருங்க கேஸும் இதேதான், ஓட்டம் இருக்கு, அடி இருக்கு, 80 நிமிஷம் உழைப்பு இருக்கு, பேரு மட்டும் இல்ல. அந்த மாதிரி ஒருத்தன் மெல்ல ஃபார்ம் ஏறிகினு வர்றத, ஊரே பேசுறதுக்கு ஒரு மாசம் முன்னாடி நீங்க எப்படி புடிக்கலாம்னுதான் இதுல எழுதுறேன். நான் கோச்சும் கெடையாது ஒண்ணும் கெடையாது, சத்துவாச்சாரில ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், மத்தியானம் மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ஈ ஓட்டுற டைம், அந்த டைம்ல கத்துகினது இது.

எப்படி இதுக்குள்ள போனேன்னா, எங்க பெரியம்மா பொண்ணு சிஎம்சில நர்சிங் முடிச்சிட்டு இப்ப சிட்னில வெஸ்ட்மீட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில வேலை செய்யுது. அங்கேர்ந்து அதே ரயில் லைன்ல மேற்கால போனா பென்ரித் வந்துரும். மாமா ஒருநாள் அக்காவ மேட்ச்சுக்கு இட்டுகினு போயிட்டாரு, அதுலேர்ந்து ரெண்டு பேருக்கும் பென்ரித் பாந்தர்ஸ் பைத்தியம், 2021லேர்ந்து 2024 வரைக்கும் வரிசையா நாலு கப்பு அடிச்ச டீமு, பைத்தியம் புடிக்காம இன்னா பண்ணும். அக்கா எனக்கு லிங்க் அனுப்புச்சி, நான் பாத்தேன், ஒண்ணும் புரியல, தடித்தடியா ஆளுங்க மோதிக்கிறாங்க விழறாங்க எழுந்துக்கிறாங்க, திரும்ப மோதிக்கிறாங்க. நாலாவது மேட்ச்சுலதான் மண்டைல ஏறுச்சு, அட இது நம்ம கபடிடா, பந்த குடுத்து பெரிய கிரவுண்டுல விட்டுட்டாங்க அவ்ளோதான்.

புதுசா வர்றவங்களுக்கு மட்டும் ரூல சட்டுனு சொல்லிடுறேன், தெரிஞ்சவங்க இந்த பாராவ தாண்டி போயிடுங்க. ரக்பின்னா ஒரே ஆட்டம் இல்ல. 1895ல இங்கிலாந்துல ஹடர்ஸ்ஃபீல்டுன்ற ஊர்ல கிளப்புங்க பிரிஞ்சு வந்து ஆரம்பிச்சதுதான் லீக், சண்ட இன்னான்னா வேலைக்கு லீவு போட்டு ஆட வர்ற தொழிலாளிக்கு அந்த நாள் கூலிய குடுக்கலாமா வேணாமான்றது. யூனியன்ல 15 பேரு, லீக்ல 13 பேரு. 2025ல மும்பைல ரக்பி பிரீமியர் லீக்னு நடந்து சென்னை புல்ஸ் கப்பு அடிச்சாங்களே, அது செவன்ஸ், ஏழு பேரு ஆடுறது, யூனியனோட தம்பி, இதுல சேராது. லீக்ல ஒரு டீமுக்கு ஆறு டேக்கிள் தான், அதாவது ஆறு தடவ புடிபட்டா பந்த எதிராளிக்கு குடுத்துரணும், அதனால அஞ்சாவது தடவ புடிபட்டதும் பெரும்பாலும் தூக்கி ஒதச்சிருவாங்க. புடிபட்டவன் எழுந்து நின்னு பந்த தரைல வெச்சி கால்ல பின்னாடி உருட்டணும், அதுக்கு பேரு பிளே த பால். அதுக்குள்ள தடுக்குற டீமு 10 மீட்டர் பின்னாடி ஓடணும், ரெண்டே ரெண்டு பேரு மட்டும் மார்க்கர்னு எதிர்க்க நிக்கலாம். பாஸ் பின்பக்கமாத்தான் போடணும். கோட்ட தாண்டி பந்த தரைல அழுத்துனா ட்ரை, 4 பாயிண்ட், அப்புறம் கம்பத்துக்கு நடுவுல ஒதச்சா இன்னும் 2. போதும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். ட்ரை போட்டவனத்தான் எல்லாரும் பாப்பாங்க. கபடில ரைடருக்கு விசில் அடிக்கிற மாதிரி. ரைடர் தொட்டுட்டு கோட்டுக்கு வந்தா தொடைல தட்டுறான், மைக்குல பேர சொல்றாங்க. கார்னர்ல நிக்கிறவன் கணுக்கால புடிச்சிகினு மூக்குல மண்ணு போக கெடப்பான், மேல நாலு பேரு வுழுந்து கெடப்பாங்க, யாரு புடிச்சதுன்னே வெளிய தெரியாது. எனக்கு இதுல ஒரு பழைய வலி உண்டு. எங்க ஊரு ஒடுகத்தூர் பக்கம், காணும் பொங்கலுக்கு வருஷா வருஷம் கபடி நடக்கும், ஒரு வருஷம் டீமு எடுக்குற வேல என் தலைல விழுந்துச்சு. எங்க சித்தப்பா பையன் லெஃப்ட் கார்னர் ஆடுவான், பேசவே மாட்டான், பாயிண்ட் பெருசா எதுவும் அவன் பேர்ல இருக்காது. அந்த சமயத்துல டவுன்லேர்ந்து ஒரு ரைடர் வந்தான், முந்தின வாரம் ஒரு மேட்ச்சுல ஒரே ரைடுல மூணு பேர தொட்டான்னு ஊரெல்லாம் பேச்சு. நான் சித்தப்பா பையன வெளிய உக்கார வெச்சிட்டு அவன எடுத்தேன். ரைடரு நல்லாத்தான் ஆடுனான், பொய் சொல்லக்கூடாது, ஆனா எங்க லெஃப்ட் கார்னர் பக்கம் தொறந்து போட்ட மாட்டுக்கொட்டாய் மாதிரி ஆயிடுச்சு, வர்றவன் போறவன் எல்லாம் போனஸ் எடுத்துகினு போறான். ஒரு பாயிண்ட்ல தோத்தோம். அன்னிக்கி நைட்டு எங்க சித்தி எனக்கு சோறு போடும்போது ஒரு வார்த்த பேசல, கொழம்பு கிண்ணத்த மட்டும் டொக்குன்னு வெச்சாங்க.

அதனால மொத வேல, பந்த பாக்குறத நிறுத்துங்க. ஆள பாருங்க. ஒரு டீமு எடுங்க, அதுல ட்ரை போடாத ஒரு நம்பர எடுங்க, குறஞ்சது மூணு மேட்ச்சுக்கு அவன விடாதீங்க. கஷ்டம்தான், ஏன்னா கேமரா பந்து பின்னாடியே போவும், உங்க ஆளு பாதி நேரம் திரைலயே இருக்க மாட்டான், முதுகு நம்பரு வேற சேத்துல தெரியாது. நான் இன்னா பண்ணுவேன்னா வேற அடையாளம் ஒண்ணு வெச்சிப்பேன், தலைல கட்டுற ஹெட்கியர் கலரு, முட்டில சுத்துன டேப்பு, தலமுடி, ஓடும்போது ஒரு தோள இறக்கி ஓடுறானா, அப்படி எதாவது. பத்து நிமிஷத்துல கண்ணு பழகிடும். அவன் திரைலேர்ந்து காணாம போனா எத்தினி செகண்டுல திரும்ப வர்றான்னு பாருங்க, அதுவே ஒரு கணக்குதான், நல்ல ஃபார்ம்ல இருக்கறவன் சீக்கிரம் சீக்கிரம் திரைக்குள்ள வந்துகினே இருப்பான்.

அடுத்து, எந்த நம்பருக்கு இன்னா வேலைன்னு தெரிஞ்சிகினாத்தான் கணக்கு போட முடியும். 2, 5 விங்கர், இவங்க பேர்லதான் ட்ரை நெறைய ஏறும், கடைசி பாஸ் வந்து சேர்ற எடத்துல நிக்கிறாங்க அதனால, இவங்கள ட்ரைய வெச்சி எட போடாதீங்க. 6, 7 பந்த ஓட்டுற மூளைங்க, எல்லா பாராட்டும் இவங்களுக்கு போவும், திட்டும் இவங்களுக்குத்தான். 3, 4 சென்டர், 9 ஹூக்கர், 11, 12 ஓரத்துல ஓடுற செகண்ட் ரோ. நாம பாக்க வேண்டியது 8, 10, 13. ப்ராப் ரெண்டு பேரு, லாக் ஒருத்தன். இவங்கதான் நடுவுல மோதிகினே இருக்கறவங்க, நம்ம பாஷைல சொன்னா மூட்ட தூக்குறவங்க. லாரிலேர்ந்து மூட்ட எறக்கி வெச்சவன் பேர யாரும் கேக்க மாட்டாங்க, கடைல வெலை போட்டு விக்கிறவன் பேருதான் போர்டுல இருக்கும். ஒரு மேட்ச்சுல இவங்க 30, 40 டேக்கிள் பண்ணுவாங்க, கூடவே பத்து பதினஞ்சு தடவ பந்த எடுத்துகினு நேரா மூணு பேரு மேல போய் முட்டுவாங்க. அப்புறம் 1, ஃபுல்பேக், அவன பத்தி பின்னாடி தனியா சொல்றேன்.

இப்ப நோட்டு. என்கிட்ட பழைய கடன் நோட்டு ஒண்ணு இருக்கு, முன்பக்கம் காலேஜ் பசங்க பாக்கி வெச்ச ஜெராக்ஸ் காசு, பின்பக்கம் ரக்பி. பக்கத்த நாலா மடிச்சி நாலு பத்தி, ஒவ்வொரு பத்தியும் 20 நிமிஷம். பந்த எடுத்துகினு முட்டுனா ஒரு கோடு. புடிபட்ட அப்புறமும் ரெண்டு அடி மூணு அடி முன்னாடி இழுத்துகினு போனா கோட்டு மேல ஒரு புள்ளி. டேக்கிள் பண்ணா ஒரு வட்டம், தவற விட்டா வட்டத்துக்குள்ள பெருக்கல் குறி. பந்த கீழ விட்டா பக்கத்துல பெருசா ஒரு "ஐயோ". அவ்ளோதான். இத விட அதிகமா எழுத போனீங்கன்னா ஆட்டம் போயிரும், நோட்டுதான் மிஞ்சும். நான் மொதல்ல பதினாறு குறி வெச்சிருந்தேன், ஒரு பையன் ஹால் டிக்கெட் ஜெராக்ஸ் கேட்டு நிக்கிறான், நான் அவன் கைல ரக்பி கணக்க குடுத்து அனுப்பிட்டேன், அரமணி நேரம் கழிச்சி வேர்த்து வடிய ஓடி வந்தான் பாவம்.

நோட்டு போட சோம்பலா இருந்தா என்ஆர்எல் (பென்ரித் ஆடுற ஆஸ்திரேலியாவோட பெரிய ரக்பி லீக் போட்டி) வெப்சைட்ல ஒவ்வொரு மேட்ச்சுக்கும் மேட்ச் சென்டர்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல ஒவ்வொரு பிளேயருக்கும் ரன் மீட்டர், போஸ்ட் கான்டாக்ட் மீட்டர், டேக்கிள், மிஸ்ஸான டேக்கிள், ஆஃப்லோட் (புடிபடும்போதே பந்த தள்ளி விடுறது), எரர் எல்லாம் போட்டிருக்கும். ஆனா அத அப்படியே நம்பி எறங்காதீங்க. மொத்த மீட்டர மட்டும் பாத்தா ஏமாந்து போவீங்க, அதுக்கு காரணம் நிமிஷம். ப்ராப்புங்க 80 நிமிஷம் ஆட மாட்டாங்க, ஒரு இருபது இருபத்தஞ்சு நிமிஷம் மோதிட்டு வெளிய போய் உக்காந்துட்டு செகண்ட் ஹாஃப்ல திரும்ப வருவாங்க. என்ஆர்எல்ல 2016லேர்ந்து ஒரு டீமுக்கு மேட்ச்சுக்கு எட்டு மாத்து மட்டும்தான், அத வெச்சித்தான் கோச்சு ஓட்டணும். அதனால மீட்டர நிமிஷத்தால வகுங்க. சும்மா உதாரணத்துக்கு, ஒருத்தன் 55 நிமிஷம் ஆடி 110 மீட்டர் ஓடுனான்னா நிமிஷத்துக்கு 2. பெஞ்சுலேர்ந்து வந்த இன்னொருத்தன் 28 நிமிஷத்துல 84 மீட்டர், நிமிஷத்துக்கு 3. பேப்பர்ல 110தான் பெருசா தெரியும், நீங்க 84 பின்னாடி போங்க. அதோட முடியல, அடுத்த ரெண்டு மூணு வாரம் அவன் நிமிஷம் ஏறுதான்னு பாருங்க, 28, 35, 42ன்னு ஏறி, அப்பவும் நிமிஷத்துக்கு 3 கிட்ட நின்னுச்சுன்னா ஆளு நெஜமாவே ஏறிட்டான்னு அர்த்தம், கோச்சுக்கு அவன் மேல நம்பிக்கை வந்திருச்சு. நிமிஷம் ஏற ஏற கணக்கு 2க்கு கீழ எறங்குச்சுன்னா அவன் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எரியுற பட்டாசு, அதுவும் டீமுக்கு தேவைதான், ஆனா அது வேற.

போஸ்ட் கான்டாக்ட் மீட்டர்ன்றது எனக்கு ரொம்ப புடிச்ச கணக்கு. எதிராளி கை பட்ட அப்புறம் எவ்ளோ தூரம் இழுத்துகினு போனான்னு. கபடில தொடைய புடிச்ச அப்புறமும் நடுக்கோட்டுக்கு ஒரு விரலு நீட்டுவான் பாருங்க, அந்த விரலு. சும்மா ஓடுன மீட்டர் யாருக்கும் கெடைக்கும், எதிராளி பத்து மீட்டர் தள்ளி நிக்கிறான், ஓடுனா ஆறேழு மீட்டர் சும்மாவே வரும். தொட்ட அப்புறம் வர்ற ஒண்ணு ரெண்டுதான் அவனோட சொந்த சம்பாத்தியம்.

சரி, இப்ப நான் சொல்ல வந்ததுலயே முக்கியமானது. எழுந்துக்கிறத பாருங்க. நெஜமா சொல்றேன், வேற எதையும் செய்ய முடியலன்னாலும் இத ஒண்ண மட்டும் பாருங்க. மூணு பேரு புடிச்சி தள்ளும்போது ஃபார்ம்ல இல்லாதவன் முதுகு தரைல படுற மாதிரி மல்லாக்க வுழுவான், அவன் மேல ஒருத்தன் ஏறி படுத்துக்குவான், புரண்டு எழுந்து பந்த உருட்டுறதுக்குள்ள எதிராளி வரிசையா நின்னு மூச்சு வாங்கிருப்பான். ஃபார்ம்ல இருக்கறவன் வுழும்போதே ஒடம்ப திருப்பி ரெண்டு முட்டி, முழங்கை மேல வுழுவான், வயிறு கீழ, மூஞ்சி எதிராளி கோட்ட பாத்து. அப்படி வுழுந்தா ஒரே உந்துல எழுந்துரலாம். எழுந்து பந்த சட்டுனு உருட்டுனான்னா எதிராளி இன்னும் பின்னாடி நடந்துகினே இருப்பான், ஹூக்கர் பந்த தூக்கிகினு ஓடுவான், அடுத்த பாஸ்ல ஒரு ஓட்ட தொறக்கும், மூணாவது பாஸ்ல விங்கர் மூலைல ட்ரை போடுவான். டிவில விங்கர் மூஞ்சத்தான் அஞ்சு தடவ காட்டுவாங்க. அந்த ட்ரை பொறந்தது முப்பது மீட்டர் பின்னாடி ஒருத்தன் மல்லாக்க வுழாம குப்புற வுழுந்ததுலதான். மேல படுத்து எழுந்துக்க விடாம பண்ணா ரெஃபரி 2020லேர்ந்து மறுபடி மொதலேர்ந்து ஆறு டேக்கிள் குடுத்துடுவாரு, சிக்ஸ் அகெய்ன்னு கத்துவாங்க. உங்க ஆளு முட்டும்போது இது அடிக்கடி கெடைக்குதுன்னா அதையும் அவன் கணக்குல எழுதுங்க, ஸ்கோர்போர்டுல அவன் பேர்ல வராது.

இத கடைசி பத்தில பாருங்க, 60லேர்ந்து 80 வரைக்கும். மொத இருபது நிமிஷம் எல்லாரும் புலிதான். மே மாசம் அக்னி நட்சத்திரத்துல ரெண்டு மணிக்கு நம்ம ஊரு கிரவுண்டுல ஆடுனவனுக்கு இது சொல்லித்தர வேணாம், மொத பத்து நிமிஷம் குதிப்போம், அப்புறம் கால யாரோ புடிச்சி இழுக்குற மாதிரி இருக்கும், பீல்டிங் பண்றவன் பந்து வந்தா நடந்து போவான். அப்ப எவன் ஓடுறானோ அவன குறிச்சிக்கோங்க. போன மாசம் 60வது நிமிஷத்துல இடுப்புல கை வெச்சிகினு நின்னவன் இந்த மாசம் அதே நிமிஷத்துல மார்க்கர் எடத்துலேர்ந்து ஓடி வந்து ஒதைக்கிறவன் மேல பாயுறான்னா, அந்த மாத்தம் மீட்டர்ல ட்ரைல எல்லாம் தெரியுறதுக்கு முன்னாடியே உங்களுக்கு தெரிஞ்சிருச்சு.

எண்ணுல வராத வேல இன்னும் கொஞ்சம் இருக்கு. பந்து தனக்கு வராதுன்னு தெரிஞ்சே முழு வேகத்துல ஓடி வந்து ரெண்டு பேர தன் பக்கம் இழுத்துக்குறது, டெகாய் ரன், 11, 12ங்க இத மேட்ச் பூரா பண்ணிகினு இருப்பாங்க. பக்கத்துல நிக்கிறவனுக்கு விரல நீட்டி எடம் காட்டுறது. அப்புறம் ஒதச்ச பந்த தொரத்திகினு போற வரிசைல யாரு மொத ஆளா போறான், யாரு ஜாகிங் போறான்னு பாருங்க, சோம்பேறி யாருன்னு அங்க தெரிஞ்சிரும்.

ஃபுல்பேக்க பத்தி சொல்றேன்னு சொன்னேன்ல. எங்க அக்காவோட ஆளு டிலன் எட்வர்ட்ஸ், பென்ரித்தோட நம்பர் 1. இவரு கத எல்லாத்துக்கும் நல்ல உதாரணம். 2016ல மொத மேட்ச் ஆடுனவரு. ஒரு மேட்ச்சுல 200 மீட்டர் தாண்டி ஓடுறது இவருக்கு சாதாரணம், எதிராளி ஒதச்ச பந்த கடைசில நின்னு புடிச்சி அப்படியே திரும்ப அவங்க மேலயே ஓடுவாரு, நாலு பேரு அடிப்பாங்க, எழுந்துக்குவாரு, அடுத்த ஒதைக்கு திரும்ப அங்க போய் நிப்பாரு. பாக்க பெருசா ஒண்ணும் இருக்காது, பால்காரர் காலைல வீடு வீடா போற மாதிரி இருக்கும். 2022 கிராண்ட் ஃபைனல்ல பென்ரித் பாரமேட்டாவ 28-12ன்னு ஜெயிச்சப்போ இவருக்குத்தான் கிளைவ் சர்ச்சில் மெடல் குடுத்தாங்க, ஃபைனலோட பெஸ்ட் பிளேயருக்கு குடுக்குறது. சரி இனிமே ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்ல (நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் வருஷா வருஷம் மோதுற மூணு மேட்ச் சீரிஸ்) நியூ சவுத் வேல்ஸுக்கு எடுத்துருவாங்கன்னு பாத்தா, இல்ல. அங்க ஜேம்ஸ் டெடெஸ்கோ உக்காந்திருந்தாரு, கேப்டன் வேற. 2024லதான் கூப்டாங்க, அதுலயும் மொத மேட்ச்சுக்கு முன்னாடி எட்வர்ட்ஸுக்கு தொடைல அடிபட்டுச்சு, டெடெஸ்கோவே திரும்ப உள்ள வந்தாரு, ரெண்டாவது மேட்ச் மெல்போர்ன்ல, அதுலதான் எட்வர்ட்ஸுக்கு மொத ஆரிஜின். அந்த மேட்ச் 38-18, அடுத்து பிரிஸ்பேன்ல 14-4, ரெண்டும் ஜெயிச்சி சீரிஸ அடிச்சாங்க. அக்கா அன்னிக்கி எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுச்சு, "டேய் இத நான் ரெண்டு வருஷமா சொல்லிகினு இருக்கேன்டா, எவன்டா கேட்டீங்க"ன்னு, என்னமோ நான்தான் செலக்டர் மாதிரி.

ஒரு சின்ன விஷயம், டெடெஸ்கோ அதோட முடிஞ்சாருன்னு நெனச்சவங்களுக்கு 2025ல அவரே டாலி எம் மெடல் வாங்கி காட்டுனாரு, சீசனோட பெஸ்ட் பிளேயர் மெடல், 2019க்கு அப்புறம் ரெண்டாவது தடவ. ஆக மதிக்கப்படாதவன்னா சின்ன பையனாத்தான் இருக்கணும்னு இல்ல, ஊரே மூட்ட கட்டி அனுப்பிட்டதா நெனச்ச பெரிய தலையும் அந்த லிஸ்ட்ல வரலாம்.

ஃபுல்பேக்க எட போடும்போது ட்ரை, மீட்டர் மட்டும் பாக்காம அவரு எங்க நிக்கிறாருன்னு பாருங்க. எதிராளி ஒதைக்கப்போறதுக்கு முன்னாடியே பந்து வுழப்போற எடத்துல இருந்தாருன்னா நெஞ்சுக்கு நேரா ரெண்டு கையால அழகா புடிப்பாரு, டைவ் அடிக்க வேண்டிய அவசியமே வராது. டைவ் அடிச்சி புடிக்கிறவன் ஹைலைட்ஸ்ல வருவான், முன்னாடியே போய் நிக்கிறவன் வரமாட்டான். எனக்கு ரெண்டாவது ஆளுதான் வேணும்.

எல்லாமே உழைப்பு ஏறுறதால வர்ற ஃபார்ம் கெடையாது, எடம் மாறுறதாலயும் வரும். பென்ரித்துலயே ஐசாயா யோ, ஆரம்பத்துல சென்டர்லயும் ஓரத்துலயும் ஆடிகினு இருந்தவரு, நடுவுல 13க்கு வந்த அப்புறம்தான் ஆளே வேறயா ஆனாரு, முட்டுறதுக்கு முன்னாடி கடைசி நொடில பந்த பக்கத்துல தள்ளி விடுறது அவரு வேல, டீமோட ரெண்டு கேப்டன்ல ஒருத்தராவும் ஆனாரு. நிக்கோ ஹைன்ஸ் மெல்போர்ன் ஸ்டார்ம்ல மத்தவங்க அடிபட்டா உள்ள வர்ற ஆளா இருந்தாரு, 2022ல குரோனுல்லா டீமுக்கு போய் 7ம் நம்பர் போட்டாரு, அதே வருஷம் ஜட்ஜுங்க கிட்ட 38 ஓட்டு வாங்கி டாலி எம் அடிச்சாரு, அது வரைக்கும் யாரும் அவ்ளோ வாங்கல. அதனால உங்க ஆளுக்கு புது நம்பர் குடுத்தாங்கன்னா பழைய கணக்க மூடிட்டு புது பக்கம் தொறங்க, பழசோட சேத்து கூட்டாதீங்க.

ஏமாறுற எடமும் சொல்லிடணும், நானே ஏமாந்திருக்கேன். மே கடைசிலேர்ந்து ஜூலைக்குள்ள ஆரிஜின் நடக்கும், பெரிய தலைங்க எல்லாம் அங்க போயிடுவாங்க, கிளப் மேட்ச்சுல எதிர்க்க பாதி டீமு சின்ன பசங்களா இருப்பாங்க. அப்ப எவனும் 150 மீட்டர் ஓடுவான். அந்த மூணு நாலு வார கணக்க பென்சில்ல எழுதுங்க, ஆகஸ்ட்ல அதே வருதான்னு பாத்து அப்புறம் பேனாவுல. மழ மேட்ச்சுல பந்த நழுவ விட்டான்னு ஒருத்தன கழிச்சி கட்டாதீங்க, சோப்பு மாதிரி வழுக்கும். மிஸ்ஸான டேக்கிளும் அப்படித்தான், ஓரத்துல நிக்கிறவனுக்கு உள்பக்கத்து ஆளு அவசரப்பட்டு முன்னாடி பாஞ்சிட்டான்னா ரெண்டு பேர ஒருத்தனே புடிக்கணும், புடிக்க முடியாது, ஆனா மிஸ்ஸு அவன் பேர்ல ஏறும், கபடில செயின் அறுத்தவன் ஒருத்தன், அவுட்டு இன்னொருத்தன் மாதிரி. ரீப்ளேல உள்பக்கத்து ஆளோட கால பாருங்க, கள்ளன் மாட்டுவான். அப்புறம் ஒரே ஒரு மேட்ச்ச வெச்சி ஊரக்கூட்டி சொல்லாதீங்க, நான் ஒருதடவ சொல்லிட்டு அக்கா கிட்டயும் மாமா கிட்டயும் மாறி மாறி வாங்கிகட்டிகினேன், மூணு மேட்ச் வரைக்கும் வாய மூடிகினு இருக்கறது நல்லது.

பாக்குற டைம் நம்ம ஊருக்கு ரொம்ப வசதி. சீசன் மார்ச்லேர்ந்து அக்டோபர் ஆரம்பம் வரைக்கும். சிட்னி நம்மள விட நாலரை மணி நேரம் முன்னாடி, அவங்க நைட்டு எட்டு மணி மேட்ச்சு நமக்கு மத்தியானம் மூணர. ஞாயித்துக்கெழம மத்தியான மேட்ச்சு நமக்கு காலைல, ஆம்பூர்லேர்ந்து பிரியாணி வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். மார்ச்லயும் அக்டோபர்லயும் அவங்க கடியாரத்த ஒரு மணி நேரம் தள்ளி வெச்சிருப்பாங்க, அப்ப அஞ்சரை மணி வித்தியாசம், கிராண்ட் ஃபைனல இதனால ஒருதடவ செகண்ட் ஹாஃப்லேர்ந்துதான் பாத்தேன். வாட்ச் என்ஆர்எல்னு அவங்களோட ஆப்பு இருக்கு, காசு கட்டணும், முழு மேட்ச் ரீப்ளே அதுல இருக்கும். காசு கட்ட மனசில்லன்னா யூடியூப்ல ஹைலைட்ஸ் இருக்கு, ஆனா நான் சொன்ன எதுவும் ஹைலைட்ஸ்ல தெரியாது, வெறும் ட்ரைதான் வரும். ஆள பாக்குறதுக்கு ரீப்ளேதான் சரி, 60வது நிமிஷத்துக்கு தள்ளி வெச்சி அங்கேர்ந்து பாத்தாலே போதும், இருபது நிமிஷ வேல.

எங்க சித்தப்பா பையனுக்கும் இப்ப நோட்டுல ஒரு பக்கம் இருக்கு. போன பொங்கலுக்கு அவன லெஃப்ட் கார்னர்ல நிறுத்துனேன், செமில தோத்துட்டோம், அது வேற கத. அவன் பேர்ல மொத்தமே நாலு புடிதான் இருந்துச்சு, எல்லாம் மொத பாதில. என்னடா எறங்கிட்டானான்னு வீடியோவ போட்டு பாத்தா, ரெண்டாவது பாதில எதிர் டீமு ரைடருங்க யாரும் அவன் பக்கமே போகல, உள்ள வந்ததும் எல்லாரும் எங்க ரைட் கார்னர் பக்கம் திரும்பிடுறாங்க. அத எந்த குறில எழுதுறதுன்னு எனக்கு தெரியல, அந்த பத்திய அப்படியே காலியா வுட்டு சுத்தி ஒரு கட்டம் மட்டும் போட்டு வெச்சிருக்கேன்.